ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் சத்து மாத்திரை, பால், மது: எதற்கு எவ்வளவு இடைவெளி, எதை அறவே தொடக்கூடாது

காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு என்று மருத்துவரிடம் போய்வந்தால் கையில் ஒரே ஒரு மாத்திரையோடு திரும்புவது அபூர்வம். ஆன்டிபயாடிக் ஒன்று, கேஸுக்கு ஒன்று, உடம்பு தேறுவதற்கு பி-காம்ப்ளக்ஸ் அல்லது ஜிங்க் ஒன்று. வீட்டில் ஏற்கெனவே கால்சியமும் இரும்புச்சத்தும் ஓடிக்கொண்டிருக்கும். காலைச் சாப்பாடு முடிந்ததும் அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டி, ஒரு டம்ளர் பாலோடு விழுங்கிவிடுகிறோம். மூன்று நாள் கழித்தும் காய்ச்சல் விடவில்லையென்றால், "இந்த மருந்து கேட்கவில்லை, ஸ்ட்ராங்காக வேறு கொடுங்கள்" என்று கேட்கிறோம்.

மருந்து கேட்காமல் போனதற்குச் சில சமயம் மருந்து காரணமே இல்லை. அது ரத்தத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. சில வகை ஆன்டிபயாடிக்குகளைக் கால்சியம், இரும்பு, ஜிங்க், மெக்னீசியம், அலுமினியம் ஆகியவை குடலிலேயே கவ்விக்கொண்டு, உறிஞ்ச முடியாத கட்டாக மாற்றிவிடும். அந்தக் கட்டு மலத்தோடு வெளியேறிவிடும். அரைகுறை அளவில் மருந்து போய்ச் சேரும்போது கிருமி சாகாமல் பழகிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. இதைத் தவிர்க்கக் காசு எதுவும் செலவில்லை, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டாலே போதும்.

படி 1: அட்டையில் இருக்கும் உண்மையான பெயரைக் கண்டுபிடியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் பொதுப்பெயர் இருக்கும். அதுதான் தேவை. படிக்க முடியாவிட்டால் மருந்துக் கடையில் கேளுங்கள், சொல்வார்கள். பெயர் தெரிந்ததும், அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று பாருங்கள்.

"-ஃப்ளாக்சசின்" என்று முடிபவை முதல் கூட்டம்: சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், நார்ஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின். "-சைக்ளின்" என்று முடிபவை இரண்டாவது: டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின், டெட்ராசைக்ளின். எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைஃபஸுக்கும் முகப்பருவுக்கும் கொடுப்பது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின்தான். தாது உப்புகளோடு மோதுபவை முக்கியமாக இந்த இரண்டு கூட்டங்களே.

அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்றவற்றுக்குப் பாலாலும் கால்சியத்தாலும் சிக்கல் இல்லை. அமாக்சிசிலினோடு கிளாவுலனேட் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு எடுத்தால் வயிறும் தொந்தரவு செய்யாது, மருந்தும் நன்றாகச் சேரும். அஸித்ரோமைசினை ஆன்டாசிட் சற்று மெதுவாக்குமே தவிர, மொத்த அளவைக் குறைப்பதில்லை.

"செஃப்-" என்று தொடங்கும் செஃபாலோஸ்போரின் கூட்டத்தில் ஒரு முக்கியமான விதிவிலக்கு: செஃப்டினிர். 60 மில்லிகிராம் இரும்போடு சேர்த்துச் சாப்பிட்டால் அது உடலில் சேரும் அளவு சுமார் 80 விழுக்காடு குறைகிறது. இரண்டு மணி நேர இடைவெளி கட்டாயம். இரும்போடு சேர்ந்தால் மலம் சிவப்பாகவும் போகும். குழந்தையின் மலத்தில் ரத்தம் என்று பதறும் பெற்றோருக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

படி 2: தாது உப்பு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாதவைதான் காரியத்தைக் கெடுக்கின்றன.

வெறும் பி-காம்ப்ளக்ஸில் தாது உப்பு கிடையாது, அதனால் மோதலும் இல்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் "இசட்" என்று ஒட்டியிருந்தால் ஜிங்க் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மல்டிவைட்டமின் என்று விற்பவற்றில் பெரும்பாலும் ஜிங்க், மெக்னீசியம், சில சமயம் இரும்பும் இருக்கும். டைஜீன், ஜெலுசில் போன்ற ஆன்டாசிட்களில் அலுமினியமும் மெக்னீசியமும் உண்டு. இவற்றோடு சிப்ரோஃப்ளாக்சசினைச் சேர்த்து விழுங்கினால் பத்தில் ஒன்பது பங்கு வரை வீணாகலாம். புண்ணுக்குக் கொடுக்கும் சுக்ரால்ஃபேட் சிரப்பிலும் அலுமினியம் இருக்கிறது.

பேன்டப்ரசோல் போன்ற கேஸ் மாத்திரைகள் வேறு வகை. அவற்றில் உலோகம் இல்லை, ஆகவே சிப்ரோவைத் தொடாது. ஆனால் வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் செஃப்யூராக்சிம், செஃப்போடாக்சிம் ஆகிய இரண்டும் உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். ஒரே சீட்டில் கேஸ் மாத்திரையும் இவற்றில் ஒன்றும் சேர்ந்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன். "கேஸ் மாத்திரை கட்டாயம் வேண்டுமா, டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. செஃப்யூராக்சிம் மாத்திரையையும் செஃப்போடாக்சிமையும் சாப்பாட்டோடு எடுப்பதே சரி.

உணவிலும் ஒளிந்திருக்கிறது. உடம்பு சரியில்லாத நேரத்தில் நாம் குடிப்பவற்றை நினைத்துப் பாருங்கள்: பால், ஹார்லிக்ஸ், பூஸ்ட், கேழ்வரகுக் கஞ்சி. மால்ட் பானங்களில் கால்சியமும் இரும்பும் ஜிங்க்கும் தனியாகவே சேர்க்கப்பட்டிருக்கும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நல்ல உணவுதான், மாத்திரை போடும் நேரத்துக்கு மட்டும் பொருந்தாது.

படி 3: கடிகாரத்தை வைத்து அட்டவணை போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசின்: தாது உப்பு உள்ள எதையும் எடுப்பதற்கு 2 மணி நேரம் முன்பாக, அல்லது எடுத்து 6 மணி நேரம் கழித்து. ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் கணக்கு எளிது. காலை 8 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று. கால்சியமோ இரும்போ ஜிங்க்கோ மதியம் 2 மணிக்கு. இரண்டு பக்கமும் ஆறு ஆறு மணி நேரம் கிடைத்துவிடும். கால்சியமும் இரும்பும் தமக்குள்ளும் மோதுபவை என்பதால், இரண்டும் சாப்பிடுகிறவர்கள் இந்தச் சில நாளுக்கு ஒன்றை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால், தயிர் மட்டும் சேர்ந்தால் சிப்ரோவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். முழுச் சாப்பாட்டுக்கு இடையே கொஞ்சம் தயிர் வந்தால் பெரிதாகப் பாதிக்காது. வெறும் பாலோடு விழுங்குவதுதான் தவறு. நார்ஃப்ளாக்சசினை மட்டும் சாப்பாட்டுக்கோ பால், தயிருக்கோ 1 மணி நேரம் முன்பு அல்லது 2 மணி நேரம் பின்பு, வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும்.

லெவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின்: தாது உப்புக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரம் போதும். மாக்சிஃப்ளாக்சசின்: 4 மணி நேரம் முன்பு அல்லது 8 மணி நேரம் பின்பு. லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளைதான் என்பதால், காலையில் ஆன்டிபயாடிக், இரவில் சத்து மாத்திரை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

டாக்ஸிசைக்ளின்: பால் இதைச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும். பழைய டெட்ராசைக்ளினில் பாதிக்கும் மேல் போய்விடும். டாக்ஸிசைக்ளினுக்கு நிஜமான எதிரி இரும்பு. இந்த மருந்து ரத்தத்தில் சேர்ந்த பிறகும் பித்தத்தின் வழியே குடலுக்கு வந்து மீண்டும் உறிஞ்சப்படுகிறது. திரும்பி வரும் அந்தப் பங்கையும் குடலில் இருக்கும் இரும்பு பிடித்துவிடும். நரம்பு வழியே டாக்ஸிசைக்ளின் ஏற்றினால்கூட, வாயால் இரும்பு சாப்பிடுகிறவர்களின் உடலிலிருந்து அது வேகமாக வெளியேறுகிறது. ஆகவே இடைவெளி விட்டாலும் முழுத் தீர்வு ஆகாது. ஐந்து, ஏழு நாள் கோர்ஸ் என்றால் அதுவரை இரும்பு மாத்திரையை நிறுத்திவைப்பதே மேல். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள், கோர்ஸ் முடிந்ததும் மறக்காமல் தொடருங்கள். பருவுக்காக மாதக்கணக்கில் டாக்ஸிசைக்ளின் சாப்பிடும் பெண்களுக்கு ரத்தசோகையும் இருந்தால், இரண்டையும் நாளின் இரு முனைகளில் வைக்க வேண்டியிருக்கும்.

டாக்ஸிசைக்ளினை இட்லியோ தோசையோ சாப்பிட்ட பிறகு, முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லையென்றால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். வைட்டமின் ஏ மாத்திரையையும், பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினையும் இதோடு சேர்க்கவே கூடாது. மூளையைச் சுற்றியுள்ள அழுத்தம் கூடிக் கடும் தலைவலியும் பார்வை மங்கலும் வரலாம்.

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கர்ப்பகாலத்தில் வழக்கமாக எழுதும் அமாக்சிசிலினோடு இதற்கு மோதல் இல்லை, நிறுத்த வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு 14 நாள் கொடுக்கும் ஜிங்க்கையும் நிறுத்தாதீர்கள். ஃப்ளாக்சசின் வகை சிரப் ஏதாவது கூடவே இருந்தால் மட்டும் மேலே சொன்ன இடைவெளி.

படி 4: மது எதில் அறவே கூடாது

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குடிக்கவே கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், கேட்பவர் குடிப்பதற்காக மாத்திரையை ஒரு வேளை தள்ளிப்போடுகிறார். அதைவிட உண்மையைப் பிரித்துச் சொல்வது பயன் தரும். அமாக்சிசிலின், செஃபிக்சிம், அஸித்ரோமைசின் ஆகியவற்றோடு மதுவுக்கு நேரடியான வேதி மோதல் எதுவும் தெரியவில்லை. உடம்பில் நீர் வற்றுவதும் தூக்கம் கெடுவதும் குணமாவதைத் தாமதப்படுத்தும், அதனால் வேண்டாம் என்பதே அங்கே காரணம். கீழே வருபவை அப்படியல்ல.

மெட்ரோனிடசோல், டினிடசோல், செக்னிடசோல், ஆர்னிடசோல். வயிற்றுப்போக்குக்கும் பல் வலிக்கும் எழுதப்படுபவை. ஆஃப்லாக்சசின்–ஆர்னிடசோல் போன்ற கூட்டு மாத்திரைகளில் இரட்டைச் சிக்கல்: ஒரு பாதி தாது உப்போடு மோதும், மறு பாதி மதுவோடு. இவற்றோடு மது சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை இடித்து, வாந்தி வரும் என்பது நெடுங்கால எச்சரிக்கை. 2002-இல் பின்லாந்தில் ஆரோக்கியமான சில ஆண்களிடம் மெட்ரோனிடசோலையும் மதுவையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் அந்த விளைவு தென்படவில்லை. எல்லோருக்கும் வராது என்பதை அது காட்டுகிறது. ஆனால் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய பதிவுகளும் இருக்கின்றன, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால் என் நிலை மாறவில்லை: சாப்பிடும் நாட்களிலும், கடைசி மாத்திரைக்குப் பின் 3 நாட்களும் ஒரு சொட்டும் வேண்டாம்.

செஃபோபெராசோன். மருத்துவமனையில் சல்பாக்டமோடு சேர்த்து ஊசியாக ஏற்றுவது. இதன் மூலக்கூறில் உள்ள ஒரு பக்கச் சங்கிலி, மதுவைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிறது. டிஸ்சார்ஜ் ஆன அன்றே "இனி ஊசி இல்லையே" என்று குடிப்பவர் மாட்டிக்கொள்வது இதில்தான். கடைசி ஊசிக்குப் பின்னும் 72 மணி நேரம் ஆபத்து உண்டு. கல்லீரல் சீழ்க்கட்டியோடு வருகிறவர்களில் பலர் குடிப்பழக்கம் உள்ளவர்கள். மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் போவதும் அவர்களுக்குத்தான். வீட்டார் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

லினசோலிட். இது டைரமின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுப்பதால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். பீப்பாயிலிருந்து நேரடியாகப் பிடித்துத் தரும் பீர், சிவப்பு ஒயின், முதிர்ந்த சீஸ், சோயா சாஸ் ஆகியவை வேண்டாம். மூக்கடைப்புக்குச் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் வேண்டாம்.

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு. காசநோய் மாத்திரைகள் தாமே கல்லீரலைச் சோதிப்பவை. மதுவும் சேர்ந்தால் மஞ்சள் காமாலை வந்து சிகிச்சையே நிறுத்தப்படும் நிலை ஏற்படும். ஆறு மாதமும் முழுமையாக விலக்க வேண்டியது இங்கேதான்.

பாட்டிலில் இருப்பது மட்டும் மது அல்ல. அசோகாரிஷ்டம், தசமூலாரிஷ்டம் முதலிய அரிஷ்டங்களும் ஆசவங்களும் புளித்து உருவாகுபவை, அவற்றில் இயல்பாகவே ஆல்கஹால் உண்டு. சில இருமல் சிரப்புகள், டானிக்குகள், ஹோமியோபதி டிங்சர்கள் ஆகியவற்றிலும் இருக்கிறது. மெட்ரோனிடசோல் நாட்களில் லேபிளைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் மாத்திரைக்காக ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகலாம். அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் திட்டுவார் என்ற பயத்தைவிட வலிப்பு பெரிது. தயாமின் (வைட்டமின் பி1) ஊசியோடு பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது.

படி 5: காபி, ஆஸ்துமா மாத்திரை, சர்க்கரை மாத்திரை

சிப்ரோஃப்ளாக்சசின், காஃபினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும். வழக்கமான இரண்டு டம்ளர் ஃபில்டர் காபியே படபடப்பையும் தூக்கமின்மையையும் கொண்டுவரலாம். குறைத்துக்கொள்ளுங்கள். அதே நொதிதான் தியோஃபிலினையும் சிதைக்கிறது. டெரிஃபிலின் போன்ற மாத்திரை சாப்பிடும் ஆஸ்துமாக்காரருக்குச் சிப்ரோ சேர்ந்தால் தியோஃபிலின் அளவு ஏறி வலிப்பு வரலாம். இதை மருத்துவரிடம் சொல்லாமல் விடவே கூடாது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு ஃப்ளாக்சசின் வகை சேரும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சரியாகச் சாப்பிடாத காய்ச்சல் நாளில் ஆபத்து இன்னும் கூடும்.

கோ-டிரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். ரமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த நாட்களில் இளநீரைக் குடம் குடமாகக் குடிக்க வேண்டாம். "லோ சோடியம்" உப்பிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது.

படி 6: சத்து உண்மையில் எப்போது குறைகிறது

"ஆன்டிபயாடிக் உடம்பிலுள்ள வைட்டமினையெல்லாம் உறிஞ்சிவிடும்" என்ற நம்பிக்கையில்தான் பி-காம்ப்ளக்ஸ் கூடவே வருகிறது. ஓரளவு சாப்பிடக்கூடிய, ஆரோக்கியமான ஒருவருக்கு ஐந்து நாள் கோர்ஸால் பி வைட்டமின்கள் தீர்ந்துபோவதில்லை. பி-காம்ப்ளக்ஸ் போட்டதும் சிறுநீர் மஞ்சளாகப் போவது வேண்டாத ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) வெளியேறுவதால்தான். ஆனால் நிஜமாகவே சத்து குறையும் இடங்கள் சில உண்டு.

வைட்டமின் கே. இதில் ஒரு பங்கைக் குடல் பாக்டீரியாக்கள் தயாரிக்கின்றன. பல நாள் சாப்பிட முடியாமல் கிடப்பவர், முதியவர், சிறுநீரக நோயாளி ஆகியோருக்கு வலுவான ஆன்டிபயாடிக் ஏற்றும்போது இந்த வைட்டமின் குறைந்து ரத்தக் கசிவு வரலாம். செஃபோபெராசோனில் மதுவோடு மோதும் அதே பக்கச் சங்கிலி, வைட்டமின் கேயின் சுழற்சியையும் தடுக்கிறது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மெட்ரோனிடசோலோ கோ-டிரைமாக்சசோலோ தொடங்கினால், சில நாட்களுக்குள் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். ஈறில் ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத கன்றிய தடம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வைட்டமின் பி6. ஐசோனியசிட் இதை உடலிலிருந்து இழக்கச் செய்கிறது. கால் எரிச்சல், மரத்துப்போதல் அதன் அடையாளம். இதில் சென்னைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம், ஐசோனியசிட்டால் வரும் நரம்புப் பாதிப்பைத் தடுக்கப் பிரிடாக்ஸினை, அதாவது பி6-ஐ, குறைந்த அளவில் கொடுத்தாலே பலன் உண்டு என்பதைச் சோதித்து, 1963-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டது. இன்று வழக்கமாகக் கொடுப்பது நாளொன்றுக்கு 10 மில்லிகிராம். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, குடிப்பழக்கம் உள்ளவர், மிக மெலிந்தவர் ஆகியோர் இதை ஒரு நாளும் விடக்கூடாது. கடையில் 100 மில்லிகிராம் வாங்கித் தாமாகச் சாப்பிடவும் வேண்டாம். அளவு மிஞ்சிய பி6 தானே நரம்பைக் கெடுக்கும்.

ஐசோனியசிட் சாப்பிடுகிறவர்களுக்கு மீன் பற்றியும் ஒரு சொல். சூரை மீன் சரியாகக் குளிரூட்டப்படாமல் இருந்தால் அதில் ஹிஸ்டமின் பெருகும். அதை உடைக்கும் நொதியை ஐசோனியசிட் தடுப்பதால், வீட்டில் மற்றவர்கள் சாப்பிட்டு நன்றாக இருக்க, நோயாளிக்கு மட்டும் முகம் சிவந்து, தலை வலித்து, மூச்சு முட்டும். இலங்கையின் மார்பு நோய் மருத்துவர் சி. ஜி. உரகொட 1970-களிலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். மீனை விலக்க வேண்டியதில்லை, புரதம் அவர்களுக்கு மிகவும் தேவை. அன்று பிடித்த வேறு மீனாகப் பார்த்து வாங்குங்கள்.

கார்னிடின். கொழுப்பைச் சக்தியாக மாற்ற உடலுக்குத் தேவையான பொருள். செஃப்டிடோரென் பிவாக்சில் போன்ற "பிவாக்சில்" மருந்துகள் கார்னிடினைச் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன. சிறு குழந்தைகளுக்குச் சர்க்கரை ஆபத்தாக இறங்கலாம் என்று 2012-இல் ஜப்பானின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. செஃப்டிடோரென் மாத்திரையில் பால் புரதமும் சேர்ந்திருப்பதால் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது.

மெக்னீசியம், பொட்டாசியம். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் நீண்ட நாள் போனால் இவை சிறுநீரில் வீணாகும். இங்கே சத்து மாத்திரை தீர்வாகாது. மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சரிசெய்வார்கள்.

படி 7: தயிரும் புரோபயாடிக்கும்

மதியம் மோர் சாதம் சாப்பிடுங்கள். ஃப்ளாக்சசின், சைக்ளின் மாத்திரை நேரத்திலிருந்து தள்ளி மட்டும் இருக்கட்டும். குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைப் புரோபயாடிக் ஓரளவு தடுக்கிறது என்று 2019-இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. லாக்டோபாசிலஸ் வகையை ஆன்டிபயாடிக்குக்கு 2, 3 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், இல்லையென்றால் அதுவும் சேர்ந்தே செத்துவிடும். சாக்கரோமைசிஸ் பவுலார்டி ஒரு ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

தவறிப்போய்ச் சேர்த்து விழுங்கிவிட்டால்

இன்னொரு ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கூடுதலாகப் போடாதீர்கள். அடுத்த வேளையிலிருந்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டால் போதும். நாள் முழுக்கச் சேர்த்தே சாப்பிட்டு, காய்ச்சலும் குறையவில்லை என்றால் மருத்துவரிடம் அதையே சொல்லுங்கள்: "கால்சியத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டேன்." மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்க அந்த ஒரு தகவல் தேவை.

கோர்ஸ் முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூடத் தண்ணீராக வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்று வந்தால் அது முன்பு சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் விளைவாக இருக்கக்கூடும். லோபராமைடு வாங்கிப் போட்டு அடைக்காமல், என்ன மாத்திரை எப்போது சாப்பிட்டீர்கள் என்ற அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள்.